கார் வானொலியின் வரலாறு: செயற்கைக்கோளா, எச்.டி. வானொலியா?

2006-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் புதிய கார் வாங்கியவர் முன் இரண்டு புதுவகை வானொலிகள் இருந்தன. ஒன்று, மாதக் கட்டணம் செலுத்திக் கேட்கும் செயற்கைக்கோள் வானொலி. மற்றொன்று, உள்ளூர் நிலையங்கள் தங்கள் பழைய அலைவரிசையிலேயே எண்ணிம முறையில் இலவசமாக வழங்கிய எச்.டி. வானொலி. இரண்டும் ஒலித்தரத்தையே முன்னிறுத்தி விளம்பரம் செய்துகொண்டன. ஆனால் ஓட்டுநருக்கு எது பயன்பட்டது என்பதை ஒலித்தரம் தீர்மானிக்கவில்லை. கார் எவ்வளவு தூரம் ஓடுகிறது, அதில் இருப்பவருக்கு உள்ளூர்ச் செய்தி எவ்வளவு தேவை, அந்தக் காரைத் தயாரித்த நிறுவனம் யாருடன் ஒப்பந்தம் செய்திருக்கிறது என்பவையே தீர்மானித்தன. இதில் மூன்றாவது காரணம் வாங்குபவரின் கையில் இல்லை. இந்தப் போட்டியின் வரலாற்றில் பெரும்பகுதி அந்த மூன்றாவது காரணத்தின் வரலாறுதான்.

தூரமும் அலையும்

கார் வானொலி அமெரிக்காவில் பரவலாக விற்பனைக்கு வந்தது 1930-இல். கால்வின் நிறுவனம் 'மோட்டரோலா' என்ற பெயரில் விற்ற கருவி அதற்கு வழி திறந்தது. அன்றைய ஏ.எம். அலைகள் இரவில் வான்மண்டல மின்னணு அடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் செல்லும். ஆனால் இரைச்சலும் கூடவே வரும். பின்னர் வந்த எஃப்.எம். தெளிவானது, ஆனால் ஏறக்குறைய நேர்கோட்டில் மட்டுமே செல்வது. வலுவான நிலையம்கூட நகரைவிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டினால் தேய்ந்து மறையும். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை சாலைவழி சுமார் 4,500 கிலோமீட்டர். சரக்குந்து ஓட்டுநர் ஒருவர் அந்தப் பயணத்தில் எத்தனை முறை நிலையம் தேட வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஐரோப்பா இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகியது. 1987-இல் தொடங்கிய 'யுரேகா 147' திட்டத்திலிருந்து டி.ஏ.பி. என்னும் எண்ணிம ஒலிபரப்பு முறை உருவானது. அதில் பல நிலையங்கள் ஒரே அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்ளும். ஒரே அலைவரிசையில் பல கோபுரங்கள் ஒன்றுக்கொன்று துணையாக இயங்கும். அமெரிக்கா இதை ஏற்கவில்லை. டி.ஏ.பி.க்கு ஏற்ற 'எல்' அலைக்கற்றை அங்கே வானூர்திச் சோதனைகளின் தொலை அளவீட்டுக்குப் பயன்பட்டு வந்தது ஒரு காரணம். பகிர்ந்துகொள்ளும் முறையில் பெரிய நிலையமும் சிறிய நிலையமும் சமமாகிவிடும் என்பதை நிலைய உரிமையாளர்கள் விரும்பாதது மற்றொரு காரணம். தங்கள் பழைய இடம் மாறாத ஓர் எண்ணிம முறையே அவர்களுக்கு வேண்டியிருந்தது.

விண்ணிலிருந்து வந்த வானொலி

நாடு முழுவதும் ஒரே நிலையத்தைக் கேட்க ஒரே வழி, கோபுரத்தை வானத்தில் வைப்பது. 1990-இல் மார்டீன் ராத்பிளாட், டேவிட் மார்கோலீஸ், ராபர்ட் பிரிஸ்க்மன் ஆகியோருடன் தொடங்கிய சி.டி. ரேடியோ நிறுவனம், எஃப்.சி.சி. எனப்படும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்திடம் இதற்கு அனுமதி கோரியது. 1992-இல் ஆணையம் 'எஸ்' அலைக்கற்றையில் இடம் ஒதுக்கியது. உள்ளூர் நிலையங்களின் அமைப்பான தேசிய ஒலிபரப்பாளர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. உள்ளூர் விளம்பர வருவாய் சிதறினால் உள்ளூர்ச் செய்தியும் அழியும் என்பது அதன் வாதம். இழுபறி ஐந்தாண்டுகள் நீடித்தது. 1997 ஏப்ரலில் நடந்த ஏலத்தில் சி.டி. ரேடியோ சுமார் 8.3 கோடி டாலருக்கும், பின்னாளில் எக்ஸ்.எம். எனப் பெயர் பெற்ற நிறுவனம் சுமார் 9 கோடி டாலருக்கும் உரிமம் பெற்றன. சி.டி. ரேடியோ 1999-இல் 'சிரியஸ்' எனப் பெயர் மாற்றிக்கொண்டது.

இரண்டும் ஒரே வேலையை இரு வேறு வழிகளில் செய்தன. எக்ஸ்.எம். நிலநடுக்கோட்டுக்கு மேலே புவிநிலைப் பாதையில் இரண்டு செயற்கைக்கோள்களை நிறுத்தியது. அவற்றுக்கு வைத்த பெயர்கள் 'ராக்', 'ரோல்'. சிரியஸ் மூன்று செயற்கைக்கோள்களைச் சாய்ந்த நீள்வட்டப் பாதையில் விட்டது. ஒவ்வொன்றும் நாளில் 16 மணி நேரம் வட அரைக்கோளத்தின் மேல் இருக்கும். இதனால் சிரியஸ் செயற்கைக்கோள் வானில் உயரமாகத் தெரியும். மரமும் கட்டடமும் குறுக்கிடுவது குறைவு. எக்ஸ்.எம். செயற்கைக்கோள் தெற்கே தாழ்வாகத் தெரிவதால், நகரங்களில் நூற்றுக்கணக்கான தரை அஞ்சல் நிலையங்களை அமைக்க வேண்டியிருந்தது. சிரியசுக்கும் அவை தேவைப்பட்டன, ஆனால் குறைவாக.

பாலத்துக்கு அடியில் செல்லும்போது ஒலி அறுபடாமலிருக்கச் செய்த ஏற்பாடு எளிமையானது. ஒரே நிகழ்ச்சி இரண்டு வழிகளில், ஏறத்தாழ நான்கு விநாடி இடைவெளியில் அனுப்பப்படும். முந்தி வருவதைக் கருவி நினைவகத்தில் சேமித்துவைக்கும். ஒரு வழி மறைந்தால் மற்றது இடத்தை நிரப்பும். மேம்பாலத்தைக் கடக்க நான்கு விநாடி போதும். சுரங்கப்பாதைக்குப் போதாது.

எக்ஸ்.எம். 2001 செப்டம்பர் 12 அன்று தொடங்குவதாக இருந்தது. அதற்கு முந்தைய நாள் நடந்த தாக்குதலால் தள்ளிப்போய், செப்டம்பர் 25 அன்று டல்லஸ், சான் டியாகோ பகுதிகளில் தொடங்கியது. சிரியஸ் 2002 பிப்ரவரியில் சில நகரங்களிலும் ஜூலையில் நாடு முழுவதும் தொடங்கியது. எக்ஸ்.எம். மாதம் 9.99 டாலர், சிரியஸ் 12.95 டாலர். 2005-இல் எக்ஸ்.எம்.மும் 12.95 டாலருக்கு உயர்ந்தது; ஆண்டுக்கு 155 டாலருக்கும் மேல்.

தேர்வு யாருடையது?

உரிமம் வழங்கியபோது எஃப்.சி.சி. ஒரு நல்ல விதியை வைத்திருந்தது. இரண்டு நிறுவனங்களின் ஒலிபரப்பையும் வாங்கக்கூடிய பொதுக் கருவி ஒன்றை அவை உருவாக்க வேண்டும். அப்படி ஒரு கருவி கடைக்கு வந்திருந்தால், கேட்பவர் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு எளிதில் மாறியிருக்கலாம். இரு நிறுவனங்களும் 2000-இல் கூட்டாக உருவாக்கப்போவதாக அறிவித்தன. ஆனால் அவை இணையும் வரை அது கடைக்கு வரவே இல்லை.

அதற்குப் பதிலாக நடந்தது வேறு. ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா ஆகியவை எக்ஸ்.எம். நிறுவனத்தில் முதலிட்டுத் தங்கள் கார்களில் அதைப் பொருத்தின. ஃபோர்டு, கிரைஸ்லர், பி.எம்.டபிள்யூ. ஆகியவை சிரியஸ் பக்கம் நின்றன. செவ்ரோலே வாங்கியவருக்கு எக்ஸ்.எம்.; ஃபோர்டு வாங்கியவருக்கு சிரியஸ். வாங்கிய சில மாதங்கள் இலவசம், பிறகு கட்டணம். எந்தக் கார் பிடித்தது என்பதே எந்த வானொலி என்பதையும் முடிவு செய்துவிட்டது.

நிகழ்ச்சிகளுக்காகத் தேர்ந்தவர்களும் இருந்தார்கள். உள்ளூர் வானொலியில் ஆபாசப் பேச்சுக்காக அபராதங்களைச் சந்தித்து வந்த ஹோவர்ட் ஸ்டெர்னை, ஐந்தாண்டுக்கு 50 கோடி டாலர் ஒப்பந்தத்தில் சிரியஸ் 2004-இல் அழைத்துக்கொண்டது. 2006 ஜனவரியில் அவர் நிகழ்ச்சி தொடங்கியது. கட்டண வானொலிக்கு அந்த அபராத விதிகள் பொருந்தாது என்பதும் அவருக்கு ஒரு கவர்ச்சி. பேஸ்பால் எக்ஸ்.எம்.மிலும், அமெரிக்கக் கால்பந்து சிரியசிலும் வந்தன. இரண்டையும் விரும்பியவர் பாடு திண்டாட்டம்தான்.

எச்.டி. வானொலி

உள்ளூர் நிலையங்களின் பதில் ஐபிக்விட்டி என்ற நிறுவனத்திடமிருந்து வந்தது. அதன் முறையை 2002 அக்டோபரில் எஃப்.சி.சி. ஏற்றது. பழைய எஃப்.எம். ஒலி தன் இடத்திலேயே இருக்க, அதன் இரு ஓரங்களிலும் எண்ணிமக் குறிப்பலைகள் மெல்லிய விளிம்பாகச் சேர்க்கப்பட்டன. புதிய அலைக்கற்றை வேண்டாம். புதிய உரிமம் வேண்டாம். பழைய கருவிகளும் வீணாகாது. 'எச்.டி.' என்பது எதன் சுருக்கமும் அல்ல என்று நிறுவனமே பின்னர் கூறியது. அதை உயர் தெளிவு என்று படித்துக்கொண்டவர்கள் விற்பனைப் பிரிவினரின் எதிர்பார்ப்பை நிறைவேற்றினார்கள் எனலாம்.

இதன் உண்மையான பலன் கூடுதல் அலைவரிசைகள். ஒரே நிலையம் எச்.டி.2, எச்.டி.3 என்று மேலும் நிகழ்ச்சிகளைத் தரலாம். முதன்மை அலைவரிசையில் ஜாஸ் இசையைக் கைவிட்ட நிலையங்கள் சில அதை எச்.டி.2-க்கு மாற்றி உயிரோடு வைத்திருந்தன. பாடலின் பெயரும் திரையில் தெரிந்தது. இவற்றுக்கெல்லாம் மாதக் கட்டணம் இல்லை.

குறையும் இதிலேயே இருந்தது. எண்ணிமப் பகுதியின் ஆற்றல் தொடக்கத்தில் எஃப்.எம். ஆற்றலின் 1 விழுக்காடு மட்டுமே. எனவே அது சென்ற தூரம் பழைய எஃப்.எம். தூரத்தைவிடக் குறைவு. எண்ணிம ஒலி அறுந்தால் முதன்மை அலைவரிசை பழைய எஃப்.எம்.முக்கு மாறிக்கொள்ளும். எச்.டி.2-க்கு அப்படி ஒதுங்க இடமில்லை. அது சட்டென்று மௌனமாகிவிடும். 2010-இல் ஆற்றலை 10 விழுக்காடு வரை உயர்த்த அனுமதி கிடைத்தது. ஆனால் அதற்குள் முதல் ஆர்வம் வடிந்துவிட்டது.

இரண்டு ஒலிகளும் பிசகாமல் மாற வேண்டுமென்பதால், நிலையங்கள் பழைய எஃப்.எம். ஒலியையும் ஏறத்தாழ எட்டு விநாடி தாமதித்தே அனுப்பின. மைதானத்தில் அமர்ந்து வானொலி வர்ணனை கேட்டவர்களுக்கு, கண்முன் முடிந்துபோன ஆட்டம் காதில் பின்தங்கி வந்தது. கிரிக்கெட் அரங்கில் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்திருந்த நம் தலைமுறைக்கு அந்த எரிச்சல் புரியும். நேரடி ஆட்டத்தின்போது இந்தத் தாமதத்தை நீக்கிவிடும் வழக்கமும் இதனால் வந்தது.

எச்.டி. வானொலி கார்களுக்குள் நுழைவதும் மெதுவாகவே நடந்தது. 2006 மாதிரிக் கார்களில் பி.எம்.டபிள்யூ. அதை முதலில் விருப்பத் தேர்வாகத் தந்தது. செயற்கைக்கோள் நிறுவனங்கள் சந்தா வருவாயில் கார் நிறுவனங்களுக்குப் பங்கு தந்தன. இலவச வானொலியிடம் பங்கு தர எதுவும் இல்லை.

ஆக, அன்று ஒருவர் கேட்டிருந்தால் நேர்மையான பதில் இதுதான்: மாநிலம் தாண்டி ஓட்டுபவருக்குச் செயற்கைக்கோள், வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரே நகருக்குள் ஓட்டுபவருக்கு எச்.டி. புயல், வெள்ளம், உள்ளூர்த் தேர்தல் ஆகியவற்றை அறிய உள்ளூர் நிலையமே வழி. செயற்கைக்கோள் நிறுவனங்கள் தரை அஞ்சல் நிலையங்களில் தனியாக உள்ளூர் நிகழ்ச்சி ஒலிபரப்ப அனுமதி இல்லை. எக்ஸ்.எம். 2004-இல் பெருநகரங்களுக்கான போக்குவரத்து, வானிலைச் செய்திகளை நாடு முழுவதும் கேட்கும் அலைவரிசைகளாகத் தந்தபோது ஒலிபரப்பாளர் சங்கம் அதையும் எதிர்த்தது.

இணைப்பு

2007 பிப்ரவரியில் எக்ஸ்.எம்., சிரியஸ் இரண்டும் இணையப்போவதாக அறிவித்தன. இரண்டும் தொடர்ந்து நட்டத்தில் இருந்தன. இரண்டு உரிமங்களையும் ஒரே கையில் சேரவிடக் கூடாது என்பது 1997-இன் விதி. இந்தச் சேவையே கூடாது என்று முன்பு வாதிட்ட ஒலிபரப்பாளர் சங்கம், இப்போது இரண்டும் தனித்தனியே போட்டியிட வேண்டும் என்று வாதிட்டது. 2008 ஜூலையில் எஃப்.சி.சி. 3-க்கு 2 என்ற வாக்கில் அனுமதித்தது. மூன்றாண்டுகளுக்குக் கட்டண உயர்வு கூடாது என்பது நிபந்தனைகளில் ஒன்று. அந்தக் காலம் முடிந்து, 2012 ஜனவரியில் கட்டணம் 14.49 டாலராக உயர்ந்தது.

இந்த இணைப்பின்போது அதிகம் பேசப்படாத ஒரு கோரிக்கை எழுந்தது. இனி விற்கும் செயற்கைக்கோள் கருவிகளில் எச்.டி. வானொலியும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதே அது. தொலைக்காட்சியில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1962-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று எல்லா அலைவரிசைகளையும் வாங்கும் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கட்டாயமாக்கி, சிறிய நிலையங்கள் பிழைக்க வழி செய்தது. வானொலியில் எஃப்.சி.சி. அந்த நிபந்தனையை விதிக்கவில்லை. கருத்துக் கேட்பதோடு நின்றது. 'இதுவா அதுவா' என்ற கேள்வியே இல்லாமல் செய்திருக்கக்கூடிய ஒரே தருணம் அது.

ஆசியாவில் ஒரு கிளை

எக்ஸ்.எம். நிறுவனத்தில் தொடக்கத்தில் முதலிட்டவற்றுள் ஒன்று வேர்ல்டுஸ்பேஸ். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990-இல் நிறுவியது. அதன் 'ஏசியாஸ்டார்' செயற்கைக்கோள் 2000-இல் ஏவப்பட்டது. தமிழ்நாட்டு வாசகர் சிலருக்கு அதன் தமிழ் அலைவரிசையான கே.எல். ரேடியோ நினைவிருக்கும். சன்னலோரத்தில் அலைவாங்கியை வானம் பார்த்துத் திருப்பிவைத்துக் கேட்ட வானொலி அது. இந்தியாவில் தரை அஞ்சல் நிலையங்கள் இல்லாததால் அது வீட்டைவிட்டுக் காருக்குள் வரவில்லை. நிறுவனம் 2008-இல் திவால் மனு தாக்கல் செய்தது. 2009 டிசம்பர் 31 அன்று இந்தியச் சேவை நின்றது. அமெரிக்காவில் செயற்கைக்கோள் வானொலியைக் காப்பாற்றியது கார்தான் என்பதற்கு வேர்ல்டுஸ்பேசின் முடிவு ஓர் எதிர்ச்சான்று.

பின்னர்

இணைந்த சிரியஸ் எக்ஸ்.எம்.மும் 2009 தொடக்கத்தில் திவாலின் விளிம்புக்குச் சென்றது. லிபர்ட்டி மீடியா 53 கோடி டாலர் கடன் தந்து 40 விழுக்காடு பங்கைப் பெற்றது. அதன்பின் நிறுவனம் மீண்டது. 2010-களின் பிற்பகுதியில் அதன் சந்தாதாரர் 3 கோடியைத் தாண்டினர். ஐபிக்விட்டி 2015-இல் டி.டி.எஸ். நிறுவனத்துக்குக் கைமாறியது. இன்று பல புதிய கார்களில் இரண்டு வானொலிகளும் ஒரே திரையில் இருக்கின்றன. அவற்றுக்கு அருகே கைப்பேசியின் இணைய இசையும் இருக்கிறது. சிரியஸ் எக்ஸ்.எம். 2019-இல் பண்டோரா என்ற இணைய வானொலியையே வாங்கிக்கொண்டது.

ஏ.எம்.மின் கதை வேறு திசையில் சென்றது. 2020-இல் எஃப்.சி.சி. ஏ.எம். நிலையங்கள் விரும்பினால் முழுவதும் எண்ணிமமாக மாறலாம் என்றது. இதற்கிடையே மின்சாரக் கார்களின் மின்பொறிகள் ஏ.எம். அலையில் இரைச்சல் எழுப்புவதால், சில நிறுவனங்கள் ஏ.எம். வாங்கியையே நீக்கத் தொடங்கின. பேரிடர் எச்சரிக்கைகள் சென்றுசேரும் வழி அடைபடும் என்று எதிர்ப்பு எழுந்தது. 2023-இல் எல்லாப் புதிய வாகனங்களிலும் ஏ.எம். வானொலியைக் கட்டாயமாக்கும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. ஏ.எம்.மை நீக்க முடிவு செய்திருந்த ஃபோர்டு, அதே மாதத்தில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது.