இந்தியாவில் வறுமை

இந்தியாவின் வறுமைக்கு மக்கள்தொகைப் பெருக்கமே முதற்காரணம் என்று பலரும் நம்புகிறார்கள். வரலாறு அதற்குச் சான்று தரவில்லை. 1951-இல் சுமார் 36 கோடியாக இருந்த மக்கள்தொகை 2011-இல் 121 கோடியாக உயர்ந்தது. அதே காலத்தில்தான் லட்சக்கணக்கில் உயிர் குடித்த பெரும் பஞ்சங்கள் மறைந்தன. வறியோரின் விகிதமும் குறைந்தது. நிலம் யார் கையில் இருந்தது, உழைப்புக்கு என்ன கூலி கிடைத்தது, அந்தக் கூலியில் எவ்வளவு தானியம் வாங்க முடிந்தது என்பவற்றில்தான் இந்த வறுமையின் காரணங்களைத் தேட வேண்டும்.

1793-இல் வந்த நிரந்தர நிலவரித் திட்டம் வங்காளத்தில் ஜமீன்தார்களை நில உரிமையாளர்களாக்கியது. உழுதவர்கள் அவர்களின் தயவில் வாழும் குத்தகைதாரர்களானார்கள். தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்தில் பரவச்செய்த ரயத்வாரி முறையில் விவசாயியே அரசுக்கு நேரடியாக வரி கட்டினார். விளைச்சல் பொய்த்தாலும் வரி வஜா எளிதில் கிடைக்காததால் வட்டிக்காரரிடம் போய் நின்றார். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத்துணி சந்தையை நிறைத்தபின் நெசவாளர் பலர் தறியைக் கைவிட்டுக் கூலிவேலைக்கு வந்தனர்.

இத்தனையும் சேர்ந்து என்ன செய்தன என்பதை 1876-78 தாது வருடப் பஞ்சம் காட்டியது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் அந்த ஆண்டுகளிலும் இந்தியத் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. நிவாரணச் செலவைக் குறைக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று கூலியை வகுத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சென்னை பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இந்த நிவாரணக் கூலியாட்கள் வெட்டியதே. பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என மதிப்பிடப்படுகிறது. தப்பியவர்களில் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள்.

அதே 1876-இல் தாதாபாய் நௌரோஜி இந்திய வறுமையைக் கணக்கிட்டுக் காட்டினார். சராசரி இந்தியரின் ஆண்டு வருமானம் 20 ரூபாய். சிறைக் கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் ஆகும் செலவுக்குக்கூட அது காணாது என்றார். நாட்டின் செல்வம் சம்பளமாகவும் ஓய்வூதியமாகவும் வட்டியாகவும் ஆண்டுதோறும் இங்கிலாந்துக்குப் போவதே காரணம் என்பது அவர் வாதம்.

1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மடிந்தனர். 1941-ஐவிட அந்த ஆண்டில் கிடைத்த உணவு குறைவில்லை என்று பொருளியலாளர் அமர்த்திய சென் 1981-இல் வெளியான நூலில் வாதிட்டார். போர்க்கால விலையேற்றத்தில் கல்கத்தா ஆலைத் தொழிலாளிக்கு மலிவு விலை அரிசி கிடைத்தது. கிராமத்துக் கூலிக்காரரும் மீனவரும் செத்தார்கள்.

விடுதலைக்குப் பின் ஜமீன்தாரி ஒழிந்தது. நில உச்சவரம்புச் சட்டங்களைப் பினாமிப் பட்டாக்கள் வென்றன. தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்ட தலித் மக்கள் பெரும்பாலும் கூலிகளாகவே நீடித்தனர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமே 1976-இல்தான் வந்தது. குத்தகைதாரரை நிலத்துக்கு உரியவராக்கிய கேரளமும், 1978-இல் பங்குக் குத்தகையாளர்களைப் பதிவு செய்யத் தொடங்கிய மேற்கு வங்கமும் விதிவிலக்குகள். பீகாருக்கு வேறொரு அநீதியும் நேர்ந்தது. 1950-களில் வந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையால் எஃகு நாடெங்கும் ஒரே விலைக்குக் கிடைத்தது. சுரங்கம் இருந்த மண்ணில் ஆலைகள் வருவதற்கான காரணமே போயிற்று.

வறுமைக் கோட்டின் கதை தனியானது. 1962-இல் ஓர் அரசுக் குழு, நபருக்கு மாதம் 20 ரூபாயைக் குறைந்தபட்சத் தேவையாக வைத்தது. கல்வியையும் மருத்துவத்தையும் அரசே தரும் என நம்பி, அவற்றை இந்தத் தொகையில் சேர்க்கவில்லை. 1979 முதல் கிராமத்துக்கு 2,400, நகரத்துக்கு 2,100 கலோரி என்ற அளவு வந்தது. பிறகும் பல ஆண்டுகள் கோடு உணவை ஒட்டியே நகர்ந்தது. அரசு தருவதாக இருந்த மருத்துவத்துக்கு ஏழைகள் கடன் வாங்கினார்கள். நகரில் நாளுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய் செலவழிப்பவர் ஏழையல்ல என்ற பொருளில் திட்டக்குழு 2011-இல் உச்சநீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தந்தபோது நாடே கொதித்தது. 2011-12-க்கு டெண்டுல்கர் குழுவின் முறைப்படி ஏழைகள் 21.9 சதவீதம், ரங்கராஜன் குழுவின் முறைப்படி 29.5 சதவீதம். இரண்டுக்கும் இடையே நின்றவர்கள் சுமார் 9 கோடிப் பேர்.

இன்று திட்டக்குழுவின் இடத்துக்கு வந்த நிதி ஆயோக், ஊட்டம், பள்ளிப்படிப்பு, வீடு, கழிப்பறை உள்ளிட்டவற்றைச் சேர்த்துப் பல்பரிமாண வறுமையை அளக்கிறது. 2019-21 தரவுகளின்படி நாட்டில் 14.96 சதவீதத்தினர் இவ்வகை வறுமையில் இருந்தனர். கேரளத்தில் இது 0.55 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20, பீகாரில் 33.76.