நுரையீரல் கணக்கிலிருந்து இதயக் கணக்குக்கு: நகரக் காற்று ஆய்வின் வரலாறு

நகரக் காற்று கெட்டால் நுரையீரல்தான் கெடும் என்ற எண்ணம் மருத்துவ உலகிலேயே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நிலைத்திருந்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய நிலக்கரிப் புகைமூட்டத்தால், வழக்கத்தைவிடச் சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். மூச்சுக்குழல் அழற்சிச் சாவுகள் ஒரே வாரத்தில் ஒன்பது மடங்கு ஆயின. எல்லார் கண்ணிலும் பட்டது அந்த எண்தான். அதே சாவுக் கணக்கில் இதயத் தமனி நோயால் இறந்தோரும் இரு மடங்குக்கு மேல் கூடியிருந்தனர். அதற்குரிய கவனம் கிடைக்க நெடுங்காலம் பிடித்தது. 1956-இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் இயற்றிய பின், கண்ணுக்குத் தெரியும் புகை குறைந்தது. சிக்கல் தீர்ந்தது என்று பலர் நம்பினார்கள். இதயத்தை ஆய்வின் நடுவே கொண்டுவந்தவை பேரழிவு நாட்கள் அல்ல. சாதாரண நாட்களை ஆண்டுக்கணக்கில் பொறுமையாக எண்ணியதால்தான் அது நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருப்பம் 1993-இல் வந்தது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆறு அமெரிக்க நகரங்களில் 8,111 பேரைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். புகைப்பழக்கம் முதலியவற்றைக் கழித்த பிறகும், எஃகு ஆலைகள் நிறைந்த ஸ்டூபன்வில்லில் இறப்பு விகிதம் போர்ட்டேஜ் நகரத்தைவிட 26 சதவீதம் அதிகம்; இதய நோய்ச் சாவுகளும் அந்தக் கூடுதலில் அடக்கம். தொழில்துறையினர் மூலத் தரவைக் கேட்டுப் போர்க்கொடி தூக்கினர். வெளிக்குழு ஒன்று எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டது. 2000-இல் வந்த முடிவு மாறவில்லை. ஆனால் அங்கே ஒப்பிடப்பட்டவை வெவ்வேறு ஊர்கள், வெவ்வேறு மக்கள் என்ற மறுப்புக்கு இடமிருந்தது. மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவுகள் உதவியது இங்கேதான். ஒரே நகரத்தின் நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டால், அங்குள்ளோரின் உணவும் வருமானமும் புகைப்பழக்கமும் ஒரே இரவில் மாறியிருக்காது. வெயில், பருவம், காய்ச்சல் பரவல் ஆகியவற்றை மட்டும் சரிக்கட்டினால் போதும். 2006-இல் அமெரிக்காவின் 204 மாவட்டங்களில் 1.15 கோடி முதியோரின் பதிவுகள் இப்படி ஆராயப்பட்டன. கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் நுண்துகள் (பி.எம். 2.5) கூடினால், இதயச் செயலிழப்புக்கான சேர்க்கை அதே நாளில் 1.28 சதவீதம் உயர்ந்தது. ஒரு வார்டில் நிற்கும் மருத்துவர் இந்த உயர்வை உணரவே முடியாது. நாடு முழுவதும் கூட்டினால்தான் அது தெரியும்.

இத்தனை சிறிய எண் கணக்குப் பிழையாக இருக்கக்கூடாதா? நியாயமான கேள்வி, ஒருமுறை பாதியளவு பிழையாகவே இருந்தது. அமெரிக்காவின் 90 நகரங்களில் நடந்த இறப்பு ஆய்வு, 10 மைக்ரோகிராம் துகளுக்கு 0.41 சதவீத உயர்வு என்றது. பயன்படுத்திய மென்பொருள் போதிய துல்லியத்தை எட்டுமுன்பே கணக்கை நிறுத்திவிடுவதை 2002-இல் அந்த ஆய்வாளர்களே கண்டறிந்து அறிவித்தார்கள். வேறு முறையில் திருத்தியபோது கிடைத்தது 0.21. குறைந்தது, ஆனால் பூஜ்யமாகவில்லை. டப்ளின் கதை இன்னும் கசப்பானது. 1990-இல் அங்கே நிலக்கரி விற்பனையைத் தடைசெய்த பின் இதய நோய்ச் சாவுகள் சுமார் 10 சதவீதம் குறைந்ததாக 2002-இல் கொண்டாடினார்கள். மறு ஆய்வில், தடை இல்லாத பகுதிகளிலும் அச்சாவுகள் அதேபோல் குறைந்து வந்தது தெரிந்தது. நுரையீரல் நோய்ச் சாவுகளின் குறைவு மட்டுமே நிலைத்தது. இதை மூடி மறைப்பது ஆய்வுக்கு அழகல்ல. ஒரே ஆய்வைத் தூணாக நட்டு வாதம் கட்டக்கூடாது என்பதற்கு டப்ளினைவிட நல்ல சான்று இல்லை.

எண்ணிக்கை மட்டுமே இருந்திருந்தால் ஐயம் நீடித்திருக்கும். மாரடைப்பு கண்ட இருபது ஆண்களை மிதிவண்டிப் பயிற்சியில் ஈடுபடுத்தி, நீர்த்த டீசல் புகையைச் சுவாசிக்கவைத்த சோதனை 2007-இல் வெளிவந்தது. தூய காற்றைச் சுவாசித்த நாளைவிட அன்று அவர்களின் இ.சி.ஜி.யில் இதயத் தசைக்கு ரத்தம் போதாததன் அறிகுறி கூடியது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் இயல்பான ஆற்றலும் குன்றியது. பதிவேடுகளில் கண்ட உயர்வுக்கு உடலுக்குள்ளேயே ஒரு வழி உண்டு என்பதை இது காட்டியது. அமெரிக்க இதயச் சங்கம் 2010-இல், நுண்துகளுக்கும் இதய நோய்க்கும் இடையே இருப்பது காரணத் தொடர்பே என்பதோடு சான்றுகள் ஒத்துப்போகின்றன என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் நுண்துகளின் ஆண்டுச் சராசரி வரம்பை 10-லிருந்து 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. இந்தியா 2009-இல் வகுத்த வரம்பு 40.