சாவி யார் கையில்?

பெண்ணுக்குக் கல்விக் கதவு திறந்துவிட்டது என்று பெருமையோடு பேசுகிறோம். பேசத்தான் வேண்டும், அந்தக் கதவைத் திறக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. ஆனால், பள்ளிக்கூடத்திலே இன்னொரு கதவும் இருக்கிறது. நடைக்கூடத்தின் கோடியிலோ, மைதானத்தின் மூலையிலோ இருக்கும் கழிப்பறைக் கதவு! அந்தக் கதவிலே பூட்டுத் தொங்குமானால், மாதத்தில் சில நாட்களுக்குக் கல்விக் கதவும் அடைபட்ட கதவே. அதிலும், மாதவிடாயின்போது உதிரப்போக்கு மிகுதியாக உள்ள மாணவிக்கு, அது அடைபட்ட கதவு மட்டுமன்று, அவமானத்தின் வாசல்.

“இலக்கிய ஏட்டிலே எழுதத்தக்க பொருளா இது?” என்று முகஞ்சுளிப்போர் உண்டு. அவர்கட்கு ஒன்று சொல்வோம். அந்த முகச்சுளிப்புக்கே ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு. பேசக்கூடாது என்று பெரியவர்கள் ஒதுக்கியதாலேயே தீராமல் கிடக்கும் தொல்லை இது. எனவே, அந்த வரலாற்றையே சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

ரோமாபுரியிலே பிளினி என்றொரு பேரறிஞர் இருந்தார். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது மாண்டவர். உலகத்துச் செய்திகளையெல்லாம் திரட்டி, ‘இயற்கை வரலாறு’ என்னும் பெருநூலைத் தந்தவர். அந்த அறிஞர் மாதவிடாயைப் பற்றி என்ன எழுதி வைத்தார்? அந்நாளில் பெண் நெருங்கினால் புதிய மது புளிக்குமாம்; பயிர் கருகுமாம்; கண்ணாடி மங்குமாம்; இரும்பு துருப்பிடிக்குமாம்; அந்த உதிரத்தை நக்கிய நாய்க்கு வெறி பிடிக்குமாம்! ஊறுகாய்ப் பானையைத் தொட்டால் கெட்டுவிடும் என்று நம் வீட்டுப் பாட்டி சொன்னதற்கும், ரோமாபுரிப் பண்டிதர் எழுதியதற்கும் என்ன வேறுபாடு? கடல் கடந்தாலும் மடமைக்கு முகம் ஒன்றே!

பழங்காலத்துக் கதைதானே என்று தள்ளிவிட இயலாது. 1920-இல், வியன்னா நகரிலே, பேலா ஷிக் என்னும் புகழ்பெற்ற மருத்துவர், தொண்டை அடைப்பான் நோய்க்குச் சோதனை முறை கண்ட அதே மேதை, பணிப்பெண் கையில் கொடுத்த மலர்கள் வாடிவிட்டதைப் பார்த்தார். அவள் மாதவிடாயில் இருந்தாள் என்று அறிந்தார். உடனே, அவ்வுதிரத்திலே ஒரு நஞ்சு இருப்பதாக முடிவு கட்டி, அதற்கு ‘மெனோடாக்சின்’ என்று பெயரும் சூட்டிவிட்டார்! அமெரிக்க ஆய்வுக்கூடங்களிலும் அந்த நஞ்சைத் தேடினார்கள். அப்படியொரு நஞ்சு இருப்பதாக மருத்துவம் இறுதியில் ஒப்பவில்லை. பிளினியின் புளித்த மது, ஷிக்கின் காலத்தில் வாடிய மலராகியது; அவ்வளவே! மடமை, ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கியையும் அணிந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனிப் பள்ளிக்கூடத்திற்கு வருவோம்.

1873-இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலே, எட்வர்டு கிளார்க் என்னும் மருத்துவர் ஒரு நூல் வெளியிட்டார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியிலே பேராசிரியராக இருந்தவர். பெண்கள் உயர்கல்வி கேட்டுத் தட்டிக்கொண்டிருந்த காலம். “படிக்க வேண்டாம்” என்று பச்சையாகச் சொன்னால் பழிவரும். ஆகவே, அவர் அன்போடு சொன்னார்; அக்கறையோடு சொன்னார். மூளைக்கும் கருப்பைக்கும் ஒரே நேரத்திலே உடலால் ஊட்டம் தர இயலாது; ஆண் ஆறு மணி நேரம் படித்தால் பெண்ணுக்கு நான்கு மணி நேரம், மிஞ்சினால் ஐந்து; மாதவிடாய் நாட்களிலோ படிப்புக்கு ஓய்வு தேவை; மீறினால் உடல் கெடும், தாய்மையும் கெடும் என்றார். சான்று? தம்மிடம் சிகிச்சைக்கு வந்த சில பெண்களின் கதைகள்! அந்த நூல் பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றது.

மறு ஆண்டு, இங்கிலாந்திலே ஹென்றி மாட்ஸ்லி என்னும் மனநோய் மருத்துவர் அதே பல்லவியைப் பாடினார். அவருக்கு அதே ஏட்டிலே விடையளித்தவர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் அம்மையார். மருத்துவத் தொழில் புரியும் உரிமையை இங்கிலாந்திலே போராடிப் பெற்றவர். அவர் தொடுத்த வாதம் கூரிய அம்பு. வீட்டு வேலைக்காரப் பெண் மாதமுழுதும் மாடிப்படி ஏறி இறங்குகிறாளே, அவளுக்கு அந்நாட்களில் ஓய்வு தர வேண்டும் என்று எந்த எசமானர் கவலைப்பட்டார்? உழைக்கும்போது கெடாத உடல், படிக்கும்போது மட்டும் கெடுமோ? உழைப்பாளிப் பெண்ணைக் காட்டி அவர் விடுத்த வினாவில், ‘அக்கறை’ என்னும் முகமூடி கழன்று விழுந்தது.

அமெரிக்காவிலே, மேரி புட்னம் ஜகோபி அம்மையார் அதைவிடப் பெரிய காரியம் செய்தார். வாதத்தோடு நில்லாமல் கணக்கெடுத்தார். ஆயிரம் பெண்களுக்கு வினாத்தாள் அனுப்பினார். 268 பேர் விடை எழுதினர். நாடித் துடிப்பையும், உடல் வெப்பத்தையும், தசை வலிமையையும் மாத முழுதும் கருவிகொண்டு அளந்தார். மாதவிடாயின் தன்மையிலே, பெண்கள் அனைவரும் ஓய்ந்து கிடக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை என்று நிறுவினார். 1876-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பாய்ல்ஸ்டன் பரிசு அந்தக் கட்டுரைக்குக் கிடைத்தது. எழுதியவர் பெயரை மறைத்து அனுப்பும் போட்டி அது! பெண்ணின் அறிவுக்குப் பரிசளித்த ஹார்வர்டு, தன் மருத்துவப் பள்ளியிலே பெண்ணைச் சேர்த்துக்கொண்டது எப்போது? 1945-இல்! பெயரை மறைத்தால் பரிசு. பெயரைச் சொன்னால் பூட்டு!

தோழர்களே! இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மாதவிடாய் நோயன்று என்று நிறுவியது மாபெரும் வெற்றி. ஆனால், நோயன்று என்பதால் எவருக்கும் எந்த வசதியும் தேவையில்லை என்று பொருளாகுமா? சில பெண்களுக்கு அது உண்மையிலேயே துன்பந்தருவது. சிலருக்கு உயிருக்கே உலை வைப்பது. அதற்கும் வரலாறு சான்று கூறுகிறது.

பின்லாந்து நாட்டைச் சேர்ந்த ஓலந்துத் தீவுகளிலிருந்து, 1924-இல், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி எல்சிங்கி நகருக்குக் கொண்டுவரப்பட்டாள். சிறு காயத்திலும் உதிரம் நில்லாத நோய். உடன்பிறந்தவர்களில் சிலர் முன்னரே உதிரப்போக்கால் இறந்திருந்தனர். எரிக் வான் வில்லிபிராண்டு என்னும் மருத்துவர் அக்குடும்பத்தில் 66 பேரின் வரலாற்றைத் திரட்டினார். 23 பேரிடம் அந்நோய் இருந்தது. அவர்களுள் பெண்களே மிகுதி. ஆண்களைப் பற்றும் உதிர ஒழுக்கு நோய் இதுவன்று, வேறொன்று என்று 1926-இல் அவர் உலகுக்கு அறிவித்தார். இன்று அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தச் சிறுமி என்ன ஆனாள்? பதின்மூன்றாம் வயதிலே, தன் நான்காவது மாதவிடாயின்போது, உதிரம் நில்லாமல் மாண்டாள். பள்ளி செல்லும் பருவம்! அவளைக் கொன்றது தீட்டுமன்று, தெய்வக் குற்றமுமன்று. உதிரத்தை உறையவைக்கும் ஒரு புரதத்தின் குறைபாடு.

எல்லோருக்கும் இந்நோய் இல்லை. ஆயினும், பருவமடைந்த முதல் சில ஆண்டுகளிலே சுரப்பிகளின் ஒழுங்கு நிலைபெறுவதில்லை. மாதந்தோறும் சினைமுட்டை வெளிப்படுவதில்லை. கருப்பையின் உட்படலம் தடித்து வளர்ந்து, பிறகு பெருக்கெடுத்து வெளியேறுகிறது. ஆகவே, பள்ளிப் பருவத்திலேதான் மிகுதியான உதிரப்போக்கு அடிக்கடி நேர்கிறது. 1966-இல் சுவீடனின் கோதன்பர்க் நகரிலே, பெண்கள் இழக்கும் உதிரத்தை அளந்து ஆய்ந்தவர்கள், 80 மில்லி லிட்டருக்கு மேற்பட்டால் இரத்தச்சோகை மிகுகிறது என்று கண்டனர். ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ ஒருமுறை அணையாடையை மாற்ற வேண்டியிருப்பதும், ஏழு நாளுக்கு மேல் நீடிப்பதும் அதன் அடையாளங்கள். வகுப்பிலே சோர்ந்து சாயும் மாணவியைச் சோம்பேறி என்று ஏசும் முன், அவள் உடலிலே இரும்புச்சத்து இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அந்த மாணவிக்குக் கிளார்க் கேட்ட படுக்கை ஓய்வா தேவை? அன்று. இரண்டு மணிக்கு ஒருமுறை, தாழிட்ட ஓர் அறை, தண்ணீர், மூடியுள்ள ஒரு குப்பைத்தொட்டி, ஐந்து நிமிடம். அவ்வளவே! அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுப்பதற்குத்தான் உலகம் இத்தனை தயங்குகிறது.

தயக்கத்துக்கும் வரலாறு உண்டு. 1851-இல் லண்டன் ஹைடு பூங்காவிலே நடந்த மாபெரும் பொருட்காட்சியிலே, ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் பொதுக் கழிப்பறைகளை அமைத்தார். மக்கள் வியந்தனர். எனினும், பின்னர் நகரத் தெருக்களிலே ஆண்களுக்கு அமைந்த அளவு பெண்களுக்கு அமையவில்லை. வீட்டை விட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பெண்ணுக்குக் கணவன் மட்டும் வகுக்கவில்லை; கழிப்பறையின்மையும் வகுத்தது. 1900-இல் காம்டன் பகுதியிலே பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்ட முனைந்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. அப்பகுதியின் ஆட்சி மன்றத்திலே உறுப்பினராக இருந்த பெர்னார்டு ஷா, அந்த எதிர்ப்போடு மல்லுக்கு நின்றவர். ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசில்லை, பெண்களுக்கோ ஒரு பென்னி. ஏழைப் பெண்ணுக்கு அந்தப் பென்னியே பூட்டு என்று அவர் 1909-இல் எழுதினார். மன்றத்திலே பெண் இல்லாததால்தான் இப்பேச்சு சிரிப்புக்கிடமாகிறது என்பது அவர் வாதம். கழிப்பறையிலிருந்து வாக்குரிமை வரை ஒரே வழி என்பதை அந்த நாடகாசிரியர் கண்டார்.

அந்த இங்கிலாந்திலே, இன்றைய பள்ளிகளின் நிலை என்ன? 1999-இல் வந்த பள்ளிக் கட்டட விதிகள் இத்தனை மாணவர்க்கு இத்தனை கழிப்பறை என்று எண்ணிக்கை வகுத்தன. 2012-இல் அந்த எண்ணிக்கையும் போய், ‘தகுந்த’ வசதி என்னும் சொல் வந்தது. எண்ணிக்கை பேசிய சட்டமும் நேரத்தைப் பேசவில்லை. தகுதி பேசிய சட்டமும் சாவியைப் பேசவில்லை. பாட நேரத்திலே கதவைப் பூட்டிவைக்கும் வழக்கம் பல பள்ளிகளிலே வளர்ந்தது. 2023 பிப்ரவரியிலே, அந்நாட்டின் பல பள்ளிகளில் மாணவ மாணவியர் வகுப்பை விட்டு வெளியேறிக் கிளர்ச்சி செய்தனர். எதற்காக? கழிப்பறைக்குச் செல்லும் உரிமைக்காக! மருத்துவரிடம் கடிதம் வாங்கி வந்தால் அனுமதிச் சீட்டுத் தருகிறோம் என்கின்றன சில பள்ளிகள். மாதவிடாய்க்கும் சான்றிதழா! வகுப்பு முழுதும் பார்த்திருக்க, கையுயர்த்தி, சீட்டைக் காட்டி, காரணத்தை முகத்திலே எழுதிக்கொண்டு ஒரு பதின்மூன்று வயதுப் பெண் நடக்க வேண்டுமா?

பக்கத்திலே ஸ்காத்லாந்து ஒரு படி முன்னே சென்றது. மாதவிடாய்ப் பொருள்களை, வேண்டுவோர்க்கெல்லாம் இலவசமாக, மானத்துக்குக் குறைவின்றித் தர வேண்டும் என்று 2021-இல் சட்டம் செய்து, 2022 ஆகஸ்டிலே நடைமுறைக்குக் கொணர்ந்தது. பாராட்டுவோம். ஆனால், அணையாடை கையிலிருந்தும், மாற்றும் அறை பூட்டிக்கிடந்தால் பயன் என்ன?

இந்த வினா நம்மையும் தொடும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டிலே 2012-இல் ‘புதுயுகம்’ திட்டம் வந்தது; வளரிளம் பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு 18 அணையாடைகள் என்று வகுக்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாதத்துக்கு ஒன்பது. இரண்டு மணிக்கு ஒன்று மாற்ற வேண்டிய மாணவிக்கு, பள்ளி நேரத்துக்கு மட்டுமே நாளொன்றுக்கு மூன்று. மூன்றே நாளிலே தீர்ந்துவிடும்! சராசரியை நினைத்துத் தீட்டும் திட்டம், சராசரிக்கு மேல் துன்புறுபவளை மறந்துவிடுகிறது.

ஆசிரியர்கள் சொல்வதையும் கேட்போம். பாடத்தைத் தவிர்க்க ஓடுகிறார்கள், புகைக்கிறார்கள், குழாயை உடைக்கிறார்கள் என்கிறார்கள். உண்மைதான், சிலர் செய்கிறார்கள். உடைப்பவரைக் கண்டுபிடித்துத் திருத்துக! நால்வர் செய்த குற்றத்துக்காக நானூறு பேரின் உடலுக்கு விலங்கிடுவது ஒழுங்காகாது. கரும்பலகையைக் கீறினான் ஒருவன் என்று வகுப்பறையையே பூட்டுகிறோமா?

ஆகவே, நாம் கேட்க வேண்டியவை சிலவே. பள்ளி நேரமெல்லாம் கழிப்பறை திறந்திருக்கட்டும். உள்ளே தாழ்ப்பாளும் தண்ணீரும் மூடிய தொட்டியும் இருக்கட்டும். மாற்று அணையாடை, கேளாமலே எடுத்துக்கொள்ளும் இடத்தில் இருக்கட்டும். “போய் வருகிறேன்” என்றால் போதும்; “ஏன்?” என்ற கேள்வி ஒழியட்டும். மிகுதியாக உதிரம் போகும் பெண்ணை, “எல்லோருக்கும் அப்படித்தான்” என்று அடக்காமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் அறிவு வீட்டாருக்கு வரட்டும். இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள், கழிப்பறைக் கதவைப் பாருங்கள், பூட்டியிருந்தால், சாவி யாரிடம் என்று கேளுங்கள், மாணவர் மன்றத்திலே பேசுங்கள், ஆண்பிள்ளைகளும் பேசுங்கள்!

முன்னாளிலே, உதிரத்தைக் காட்டிப் பெண்ணைப் பள்ளிக்கு வராதே என்றனர். பின்னாளிலே, வா, ஆனால் குறைவாகப் படி என்றனர். இந்நாளிலே, வா, படி, ஆனால் அடக்கிக்கொண்டு உட்கார் என்கின்றனர். முதல் இரண்டு பூட்டுகளையும் அறிவு உடைத்தது. மூன்றாவது பூட்டு மிகச் சிறியது. அதன் சாவியோ தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது. எடுத்துத் திறக்கச் சொல்ல நாக்கு ஒன்று போதும். அந்த நாக்குக்குத்தான் ஈராயிரம் ஆண்டுகளாகக் கூச்சம் என்னும் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அதை முதலில் உடைப்போம்!