கொச்சியிலிருந்து கொச்சிக்கு

அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்பது நம் தொழில். பல ஆண்டுகளுக்கு முன், பழைய வணிகக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, சில மூட்டைச் சரக்கு கொச்சியிலிருந்து கொச்சிக்கு அனுப்பப்பட்டதாக ஒரு வாக்கியம் எதிர்ப்பட்டது. எழுத்தர் கைதவறி ஊர்ப்பெயரை இருமுறை எழுதிவிட்டார் என்று கருதி, ஒன்றை அடித்துவிட்டு மேலே சென்றோம். பிழை அவருடையதன்று, நம்முடையதே என்பதை உணர, கொச்சிக் கோட்டையிலிருந்து மட்டாஞ்சேரி வரை காயற்கரையோரமாக ஒருமுறை நடந்து பார்க்க வேண்டியிருந்தது. அந்த நடையைப் பற்றியே இங்குச் சொல்லப் புகுந்தோம்.

தொலைவு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். ஏற்றமோ இறக்கமோ கிடையாது. முதியோரும் குழந்தைகளும் தளர்வின்றி நடக்கலாம். வழியில் நின்று நின்று பார்த்தாலும் ஒரு காலைப்பொழுது போதும்.

நீரோர நடை என்றதும் நம்மவர் நினைவில் உதகையும் கொடைக்கானலும் தோன்றுவது இயல்பு. அங்கெல்லாம் ஏரிக்கு அப்பால் மலை எழுந்து நிற்கும். மட்டாஞ்சேரியில் மலையைக் காண விழைவோர், கண்ணுக்கு மாறாக நாசியைத் துணைக்கொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்த மிளகும் ஏலமும், உள்நாட்டுச் சுக்கும், மூட்டை மூட்டையாக இறங்கி வந்து இக்கரையிலுள்ள கிடங்குகளில் தங்கின. அம்மலையின் மணமே இந்நகரங்களைப் படைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

அதற்கு முன் இப்பெருமை முசிறிக்கு உரியதாயிருந்தது. சங்கப் புலவர் பாடிய அத்துறை, பெரியாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் தோன்றிய பெருவெள்ளம் பழைய முகத்தைத் தூர்த்து, தெற்கே கொச்சியில் கடலுக்குப் புதுவழி திறந்தது என்பர். ஆறு வழி மாறவே வணிகமும் வழி மாறியது.

நம் நடை அந்த முகத்துவாரத்தில் தொடங்குகிறது. கரையில் சீனவலைகள் வரிசையாக நிற்கின்றன. நீண்ட மரக்கைகளில் கட்டிய வலையை நீரில் தாழ்த்துவர். சற்றுப் பொறுத்து, மறுமுனையில் கயிற்றில் தொங்கும் கற்களின் கனத்தைத் துணையாகக்கொண்டு, நான்கைந்து பேர் சேர்ந்து இழுத்து உயர்த்துவர். மீன் சிறிதே எனினும் இழுப்பவர் உழைப்பில் குறைவில்லை.

அருகே புனித பிரான்சிஸ் தேவாலயம் உள்ளது. 1524 டிசம்பரில் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் இங்கேதான் அடக்கம் செய்தனர். சில ஆண்டுகளுக்குப் பின் அவர் எலும்புகள் போர்த்துகலுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. போர்த்துகீசியர் 1503-இல் இங்குக் கோட்டை கட்டினர். 1663-இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். 1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். 1806-இல் கோட்டையை அவர்களே இடித்துத் தள்ளினர். கோட்டை போயிற்று; ஊர்ப்பெயரில் மட்டும் கோட்டை நின்றது. நம் வீட்டு ஜன்னலும் சாவியும் அலமாரியும் போர்த்துகீசியர் வழி வந்த சொற்களே. ஆள்பவர் சென்ற பின்னும் சொற்கள் தங்கிவிடுகின்றன.

இனித்தான் நம் பழைய பிழைக்கு விடை கிடைக்கிறது. ஆங்கிலேயர் கைக்கு வந்த இச்சிறு நிலப்பகுதி 'பிரிட்டிஷ் கொச்சி' எனப்பட்டது. சென்னை ராஜதானியைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தின் ஒரு துண்டாக இது ஆளப்பட்டது. கூப்பிடு தூரத்திலிருந்த மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் சமஸ்தானம். இந்தப் பக்கம் சென்னைச் சட்டம், அந்தப் பக்கம் மன்னர் சட்டம். நீதிமன்றம் வேறு, போலீஸ் வேறு. சமஸ்தானத்திற்கு 'அஞ்சல்' என்ற பெயரில் தனித் தபால் ஏற்பாடு இருந்தது. 1892 முதல் அதற்கெனத் தபால் தலைகளும் வெளிவந்தன. 1951-இல் அந்த ஏற்பாடு இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. அச்சொல்லோ இன்று தமிழ்நாட்டில் இந்திய அஞ்சல் துறையின் பெயர்ப்பலகையிலேயே அமர்ந்திருக்கிறது.

எனவே ஒரு மூட்டை மிளகு கொச்சியிலிருந்து கொச்சிக்குச் செல்வது அந்நாளில் முற்றிலும் இயல்பான செய்தி. நாம் அடித்த ஒரு சொல்லில் ஓர் அரசே அடங்கியிருந்தது.

கரையோரமாகத் தென்கிழக்கே திரும்பினால் கல்வத்தி வருகிறது. கால்வாயைக் கடந்து பஜார் சாலையில் புகுகிறோம். ஒருபுறம் கடைகள், மறுபுறம், நீரில் பின்வாசல் வைத்த கிடங்குகள். மலையாளத்தார் இவற்றைப் பாண்டிகசாலை என்பர். நம் பண்டகசாலைதான் அது. படகு பின்வாசலில் வந்து நிற்கும், சரக்கு முன்வாசலால் தெருவுக்கு வரும். எந்த அடியில் ஓர் அரசு முடிந்து மற்றோர் அரசு தொடங்கியது என்று இன்று காலுக்குத் தெரியவில்லை. நீரில் மிதந்து வந்த வள்ளத்துக்கு அன்றும் தெரிந்திராது.

கிடங்குகளின் இடைவெளியில் காயல் தெரிகிறது. எதிரே கிடப்பது வில்லிங்டன் தீவு. முகத்துவாரத்தில் மணல்திட்டு மறித்திருந்ததால், முன்பு பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நின்றன. சரக்கு சிறு படகுகளில் ஏறி இறங்கியது. 1920-இல் சென்னை கவர்னர் வில்லிங்டன் பிரபு காலத்தில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் இங்கு அனுப்பப்பட்டார். திட்டை வெட்டிக் கால்வாய் ஆழமாக்கப்பட்டது. தோண்டிய மண்ணைக் காயலிலேயே கொட்டி ஏறக்குறைய 780 ஏக்கர் நிலம் ஆக்கினர். 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. இந்த ஒரு காயலை ஆழமாக்க, சென்னை, கொச்சி, திருவிதாங்கூர் ஆகிய மூன்று அரசுகளின் இசைவு தேவைப்பட்டது என்பது நினைவில் வைக்கத்தக்கது. மலை காணாத இக்கரைக்கு எதிரே, மனிதர் குவித்த மண்மேடு ஒரு தீவாயிற்று.

துறைமுகம் வளர்ந்தது. சுமை தூக்குவோர் நிலையோ தாழ்ந்தே கிடந்தது. மட்டாஞ்சேரியில் வேலை தேடி வருவோர் விடியலில் கூடுவர். 'மூப்பன்' எனப்பட்ட மேஸ்திரி, 'சாப்பா' என்னும் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவான். தாவிப் பிடித்தவனுக்கு அன்று கூலி. கீழே விழுந்து மிதிபட்டவன் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. இம்முறையை எதிர்த்துத் தொழிலாளர் போராடினர். 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸார் அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தினர். அப்போராட்டத்தில் மூன்று தொழிலாளர் உயிர் நீத்தனர். 1959-இல் கொச்சித் துறைமுகத் தொழிலாளரின் வேலையை ஒழுங்கு செய்யும் திட்டம் வந்தது. வீசி எறிந்த வில்லைக்குப் பதிலாக, பதிவேட்டில் பெயரும் முறைப்படி வேலையும் என்பதே அதன் கருத்து. மிளகின் வரலாற்றைச் சொல்லும்போது மன்னரையும் மாலுமியரையும் நிறையப் பேசுகிறோம். அம்மூட்டையைத் தோளில் சுமந்தவனையும் அவர்களோடு சேர்த்து எண்ணினாலன்றி அவ்வரலாறு நிறைவு பெறாது.

சுமந்தும் வெளுத்தும் பிழைத்தோரில் நம்மவரும் உண்டு. கொச்சிக் கோட்டைக்கு அருகே வேளி என்னுமிடத்தில் தமிழ் பேசும் சலவைத் தொழிலாளர் வாழ்கின்றனர். டச்சுப் படைவீரரின் உடைகளை வெளுக்கத் தம் முன்னோர் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்டனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. எத்தனையோ கொடிகள் ஏறி இறங்கிய இம்மண்ணில் அவர்கள் நாவில் தமிழ் நிலைத்திருக்கிறது.

நடையின் இறுதியில் மட்டாஞ்சேரி அரண்மனை. 1555-ஐ ஒட்டிப் போர்த்துகீசியர் கட்டி, கொச்சி மன்னர் வீரகேரளவர்மாவுக்கு அளித்தது. பின்னர் டச்சுக்காரர் பழுது பார்த்ததால் 'டச்சு அரண்மனை' என்று பெயர் பெற்றது. கட்டியவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர், வாழ்ந்தவர் மற்றொருவர்! உள்ளே பள்ளியறைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் பச்சையும் காவியுமாகப் பொலிகின்றன. அவை மட்டும் ஐயமின்றி இந்நாட்டுக் கைத்திறனே.

அரண்மனையை அடுத்து யூதர் ஜெபாலயம். 1568-இல் எழுப்பப்பட்டது. தரையில் பதித்த நீல வெள்ளைச் சதுரங்கள் சீனத்துக் கான்டனிலிருந்து வந்தவை. 1968-இல் இதன் நானூறாம் ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். தபால் தலையும் வெளியிடப்பட்டது. ஆயினும் 1948-க்குப் பின் இத்தெருவினர் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். கூட்டு வழிபாட்டிற்கு வேண்டிய பத்து ஆடவர் இன்று இவ்வூரில் இல்லை. 1957 முதல் இதே தெருவில் மிளகின் முன்பேர வணிகம் நடந்தது. ஒரு காலத்தில் வணிகர் கூவி விலை பேசிய அத்தெருவில், இப்போது பயணிகளின் பேச்சொலியே மிகுதி.

அந்த எல்லை என்னவாயிற்று? 1949-இல் கொச்சி சமஸ்தானம் திருவிதாங்கூரோடு இணைந்தது. அப்போதும் கொச்சிக் கோட்டை சென்னை ராஜ்யத்திலேயே இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தபோதுதான் இரண்டும் ஒரே ராஜ்யத்தில் அடங்கின. 1967 நவம்பர் 1 அன்று கொச்சிக் கோட்டை, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் நகராட்சிகள் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயின. 1795-இலிருந்து கணக்கிட்டால் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலவிய அந்தக் கோடு, தடயமின்றி மறைந்தது. அதைக் காத்த அதிகாரிகள் போயினர். வலை இழுப்போரும், மூட்டை சுமப்போரும், துணி வெளுப்போரும் தொடர்ந்து இருந்தனர். கரையை ஒன்றாகவே வைத்திருந்தவர்கள் அவர்களே எனத் தோன்றுகிறது.

இவ்வழி செல்லும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். கோட்டைப் பக்கமிருந்து மட்டாஞ்சேரிப் பக்கமாக நடவுங்கள். கிடங்கு ஒன்றின் கதவு திறந்திருந்தால் சற்று நின்று மூச்சை உள்ளிழுங்கள். கண்ணுக்குப் புலப்படாத மலை அங்கே இருக்கும்.

நாமோ ஊர் திரும்பியதும் பழைய கையெழுத்துப் படியை எடுத்து, நாம் அடித்த சொல்லை மீண்டும் எழுதினோம். கொச்சியிலிருந்து கொச்சிக்கு என்று எழுதியிருந்த அந்த எழுத்தர், தம் கரையை நன்கு அறிந்தவர்.