ஆவடித் தீர்மானமும் ஓர் ஆங்கில வினையடையும்

அட்வெர்ப் என்று ஆங்கில வகுப்பில் படிக்கும் வினையடை, ஒரு செயல் எப்படி, எந்த வேகத்தில் நடக்கிறது என்பதைச் சொல்வது. தேர்வில் அதைத் தவறாக எழுதினால் ஒரு மதிப்பெண் போகும். அரசு ஆவணத்திலோ அது ஒரு நாட்டின் தொழில்கள் யார் கையில் இருக்கும் என்பதையே தீர்மானிக்கும். இதற்கு நல்ல சான்று முத்தாபுதுப்பேட்டையை அடுத்துள்ள ஆவடியில் இருக்கிறது.

1955 ஜனவரியில் ஆவடியில் யு.என்.தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அப்போது நேரு பிரதமர், காமராஜர் சென்னை மாநில முதல்வர். சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே திட்டமிடலின் நோக்கம் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. அதன் ஆங்கில வாசகத்தில் 'புரோகிரசிவ்லி' என்ற வினையடை உண்டு. உற்பத்தி படிப்படியாக வேகம் பெற வேண்டும் என்பது அதன் பொருள். 'புரோகிரசிவ்' என்றால் முற்போக்கு என்று பழகியவர்கள் தடுமாறும் இடம் இது.

1956 ஏப்ரல் 30 அன்று மத்திய அரசு தொழிற்கொள்கைத் தீர்மானத்தை வெளியிட்டது. அதிலும் அதே சொல் வந்தது. ஆனால் இம்முறை அது உற்பத்தியோடு அல்ல, அரசுடைமையோடு சேர்ந்தது. முதல் பட்டியலில் இருந்த 17 தொழில்களில் புதிய ஆலைகளைத் தொடங்கும் பொறுப்பு அரசுக்கு. இரண்டாம் பட்டியலில் இருந்த 12 தொழில்கள் 'புரோகிரசிவ்லி' அரசுடைமை ஆகும்.

அங்கே 'இம்மீடியட்லி', அதாவது உடனடியாக என்று எழுதியிருந்தால், ஓடிக்கொண்டிருந்த தனியார் நிறுவனங்களை எல்லாம் அரசு இழப்பீடு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் உருக்காலைகளுக்குப் பணம் தேவைப்பட்ட காலம் அது. 'ஈவென்சுவலி', அதாவது என்றாவது ஒருநாள் என்று எழுதியிருந்தால், அரசு எதையும் தொடங்காமலே இருந்துவிடலாம். 'புரோகிரசிவ்லி' இரண்டுக்கும் நடுவில் நின்றது. வேலை இப்போதே தொடங்க வேண்டும். முடிக்க மட்டும் கெடு இல்லை.

இரண்டாம் பட்டியலில் சாலைப் போக்குவரத்தும் இருந்தது. தமிழ்நாட்டில் 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவானது. வேறு கழகங்களும் வந்தன. ஆனாலும் பல ஊர்களில் தனியார் பேருந்துகள் இன்றும் ஓடுகின்றன. அந்தப் 'படிப்படியாக' கடைசிப் படியை எட்டவே இல்லை. 1991 ஜூலையில் வந்த புதிய தொழிற்கொள்கை, அரசுக்கென ஒதுக்கிய 17 தொழில்களை 8 ஆகக் குறைத்துத் திசையையே மாற்றியது.

கெடு இல்லாத சொல் என்பதால்தான் 1956இல் அரசால் அதை எளிதாக ஏற்க முடிந்தது. அதே காரணத்தால்தான், அது நிறைவேறவில்லை என்று பின்னாளில் யாரும் அரசைக் கேள்வி கேட்கவும் முடியவில்லை. ஆங்கிலத்தில் வினையடையைத் தேர்ந்தெடுக்கும்போது பொருள் சரியா என்று பார்த்தால் மட்டும் போதாது. அது எவ்வளவு கால அவகாசம் தருகிறது என்றும் பார்க்க வேண்டும்.