மங்கிய பேரடைகளை ஒளிப்படமெடுத்தல்

மங்கிய பேரடைகளை ஒளிப்படமெடுத்தல் என்பது, வானியலைப் பிழைப்பாகக் கொள்ளாத ஆர்வலர்கள் தங்கள் சொந்தத் தொலைநோக்கியைக் கொண்டு, கண்ணுக்குப் புகைத்திட்டாக மட்டுமே தெரிகிற அல்லது தெரியவே தெரியாத விண்மீன் பேரடைகளைப் படம்பிடிக்கும் முயற்சியாகும். நிலவையும் கோள்களையும் எடுப்பவருக்கு உருப்பெருக்கம்தான் கவலை. பேரடையை எடுப்பவருக்கு அந்தக் கவலை அநேகமாக இல்லை. ஆந்திரமேடா பேரடை வானில் முழுநிலவைப் போல் ஆறு மடங்கு நீளம் கொண்டது. அது முழுதாகத் தெரியாததற்குக் காரணம், அதன் ஒளி அத்தனை பரப்பிலும் மெலிந்து பரவிக் கிடப்பதுதான். அதன் வெளிப்புறப் பகுதிகளின் ஒளி, விளக்கே இல்லாத மலைப்பகுதி வானம் இயல்பாக வெளிவிடும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. கண் நொடிக்கு நொடி ஒளியை மறந்துவிடுகிறது. ஒளிப்படத் தகடு மறப்பதில்லை. எனவே தகட்டை எவ்வளவு நேரம் ஆடாமல் அசையாமல் வானுக்குத் திறந்துவைக்க முடிந்தது என்பதைத் தொடர்ந்து பார்த்தாலே இந்தக் கலையின் வரலாறு பெரும்பாலும் விளங்கிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புழங்கிய ஈரத்தகடு சில நிமிடங்களிலேயே காய்ந்து பயனற்றுப் போகும். 1871இல் ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர்தகட்டு முறையை வெளியிட்ட பிறகே நீண்ட நேரம் ஒளியைச் சேர்ப்பது நடைமுறைக்கு வந்தது. 1880 செப்டம்பர் 30 அன்று நியூயார்க்கை அடுத்த தம் ஆய்வகத்தில் மருத்துவர் ஹென்றி டிரேப்பர் 11 அங்குலத் தொலைநோக்கியால் ஓரியன் நெபுலா என்ற புகைத்திட்டை 51 நிமிடம் படமெடுத்தார். மூன்றாண்டு கழித்து, லண்டனை ஒட்டிய ஈலிங்கில் ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன் 36 அங்குல ஆடியால் அதே நெபுலாவை எடுத்தபோது, எந்தத் தொலைநோக்கியிலும் கண்ணால் காணாத விண்மீன்கள் தகட்டில் பதிந்திருந்தன. காமன் கழிவுநீர்க் கட்டமைப்புப் பொறியாளர். அன்றைய அரசு ஆய்வகங்கள் விண்மீன்களின் இருப்பிடத்தை அளப்பதிலேயே மூழ்கிக் கிடந்ததால், புகைத்திட்டுகளைப் படமெடுக்கும் வேலை இத்தகையவர்களின் கைக்கு வந்தது.

பேரடைகளுக்கு வருவோமானால், முதற்பெயர் ஐசக் ராபர்ட்ஸ். வேல்ஸில் பிறந்து லிவர்பூலில் கட்டடத் தொழிலில் பொருளீட்டியவர். ஐம்பது வயதைக் கடந்த பிறகே ஒளிப்பட வானியலில் முழுமூச்சாக இறங்கினார். லிவர்பூலுக்கு அருகிலுள்ள மேகலில் 20 அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கியை நிறுவி, அதே அச்சின் மறுபுறத்தில் 7 அங்குல ஒளிவிலகல் தொலைநோக்கியைப் பொருத்தினார். பெரியதில் தகடு இருக்கும். சிறியதில் ஒரு விண்மீனைக் குறுக்கிழையில் நிறுத்தி, அது நழுவும்போதெல்லாம் கையால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். 1888 டிசம்பர் 29 இரவில் இப்படி நான்கு மணி நேரம் ஆந்திரமேடாவின் ஒளியைச் சேர்த்தார். அதுவரை நீள்வட்டப் புகையாகக் கருதப்பட்ட அந்தத் திட்டு, கருந்தூசிப் பட்டைகளோடு சுருண்ட கைகள் கொண்டது என்று அந்தத் தகடு காட்டியது.

படம் துல்லியமாக இருந்தது, விளக்கம் தவறிப்போனது. புதிய சூரியக் குடும்பமொன்று வாயுச்சுழலிலிருந்து உருவாகும் காட்சி என்றும், லாப்லாசின் நெபுலாக் கொள்கைக்குக் கண்கூடான சான்று என்றும் ராபர்ட்ஸும் அவர் காலத்தவர் பலரும் கொண்டாடினர். அந்தச் சுழல் ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள தனிப் பேரடை. 1923இல் எட்வின் ஹபிள் அதற்குள் ஒரு செபீடு மாறொளிர் விண்மீனைக் கண்டு தொலைவைக் கணக்கிடும் வரை அது உறுதியாகவில்லை. ராபர்ட்ஸைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. பேரடை என்ற கருத்தே நிலைபெறாத காலத்தில் பேரடையின் முதல் நல்ல படத்தை எடுத்தவர் அவர்.

காமனின் தொலைநோக்கி எட்வர்ட் கிராஸ்லி என்பவரிடம் கைமாறி, 1895இல் கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்துக்கு நன்கொடையாகச் சென்றது. அங்கே ஜேம்ஸ் கீலர் அதே கருவியால், வானில் குறைந்தது 1,20,000 நெபுலாக்கள் இருக்கும் என்றும் அவற்றுள் பெரும்பாலானவை சுருள் வடிவின என்றும் மதிப்பிட்டார். ஆர்வலர் கட்டிய கருவியைத் தொழில்முறை வானியல் வாங்கிக்கொண்டதோடு துறையும் கைமாறியது. 60, 100, 200 அங்குல ஆடிகள் எழுந்தன. அடுத்த அரை நூற்றாண்டில் ஆர்வலர்கள் பேரடைகளின் பக்கம் அதிகம் வரவில்லை.

அவர்களைத் தடுத்தது ஆடியின் அளவைக் காட்டிலும் ஃபிலிமின் குணம். ஃபிலிமில் நேரத்தை இரட்டித்தால் பதிவு இரட்டிக்காது. மங்கலான ஒளியில் அது மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும். இந்தச் சோர்வை வெல்ல ஆர்வலர்கள் கையாண்ட வழிகள் தனிக்கதை. ஒன்று, ஃபிலிமை டிரை ஐஸால் உறையவைப்பது. பனி படியாமலிருக்க ஃபிலிமுக்கு முன் வெற்றிட அறையோ கண்ணாடிக் கட்டியோ வைக்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் எவர்ட் கிரைமர் இத்தகைய குளிர் கேமராவும் 12.5 அங்குலத் தொலைநோக்கியும் கொண்டு மெசியர் பட்டியலிலுள்ள வான்பொருள்களை எடுத்த படங்கள், 1978இல் வெளியான மெசியர் ஆல்பம் என்ற நூலில் இடம்பெற்றன. மற்றொன்று, ஃபிலிமை நைட்ரஜனும் சிறிதளவு ஹைட்ரஜனும் கலந்த வாயுவில் மணிக்கணக்கில் சூடேற்றி ஈரத்தையும் ஆக்சிஜனையும் வெளியேற்றுவது. தூய ஹைட்ரஜன் வெடிக்கும் என்பதால்தான் கலவை. 1980களில் கோடாக் நிறுவனத்தின் டெக்னிக்கல் பேன் 2415 என்ற நுண்மணி ஃபிலிம் இப்படிப் பதப்படுத்தப்பட்டு, ஒரு தலைமுறை ஆர்வலர்களின் முதன்மைச் சரக்காக இருந்தது. அப்போதும் வழிகாட்டும் கண்வில்லையில் கண்ணை வைத்தபடி ஒரு மணி நேரம் குளிரில் நின்றுதான் தீர வேண்டும். ஒருமுறை தவறினால் அந்த இரவு போயிற்று.

மின்னணு உணரி இதை மாற்றியது. பெல் ஆய்வகத்தில் 1969இல் பிறந்த சி.சி.டி., தன்மேல் விழும் ஒளித்துகள்களில் பாதிக்குமேல் பதிவு செய்ய வல்லதாக வளர்ந்தது. ஃபிலிமில் நூற்றுக்கு ஓரிரண்டுதான் பதியும். 1989இல் வந்த எஸ்.பி.ஐ.ஜி. நிறுவனத்தின் எஸ்.டி.-4 கருவியின் உணரியில் 192 × 165 புள்ளிகளே இருந்தன. படம் அஞ்சல்தலை அளவுகூடத் தேறாது என்றாலும், தொலைநோக்கியைத் தானே திருத்தும் வேலையை அது மனிதக் கண்ணிடமிருந்து வாங்கிக்கொண்டது. படமெடுப்பதைவிட இதுவே பெரிய விடுதலை. 1994இல் ரிச்சர்ட் பெர்ரியும் வேறு இருவரும் எழுதிய நூல் ஒன்று, சி.சி.டி. கேமராவை வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் முறையைக் கற்றுக்கொடுத்தது.

அதைவிட முக்கியமானது, படங்களை அடுக்கும் வழக்கம். ஐந்து நிமிடப் படங்கள் நூறு எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காணலாம். விமானமோ செயற்கைக்கோளோ கோடிழுத்த இடத்தை மட்டும் கழித்துவிடலாம். நேரம் நான்கு மடங்கானால் தெளிவு இரு மடங்காகும். ஒரே பேரடைக்குப் பல இரவுகளைச் செலவிட இப்போது வழி பிறந்தது. பெரிய ஆய்வகங்களில் ஓர் இரவுக்கே பலர் போட்டியிடுவதால், இத்தகைய தாராளம் ஆர்வலருக்கே உரியதானது.

அதன் பலன் ஜெய் கபானி என்ற ஆர்வலரின் படங்களில் வெளிப்பட்டது. நியூ மெக்சிகோ மலைப்பகுதியில் அரை மீட்டர்த் தொலைநோக்கியால் அவர் எடுத்த என்.ஜி.சி. 5907 என்ற பேரடையின் படம், 2008இல் டேவிட் மார்ட்டினெஸ்-டெல்காடோ குழுவின் ஆய்வுக்கட்டுரையில் வெளிவந்தது. பெரிய பேரடை சிறியதொன்றைச் சிதைத்து விழுங்கியதற்கு அடையாளமாக, விண்மீன் ஓடைகள் வளையம் வளையமாக அதில் சுற்றியிருந்தன. பாடநூல்களுக்கே உரிய படமாக அது புகழ்பெற்றது. 2019இல் டிராகன்ஃபிளை என்ற தொலைநோக்கியின் குழு அதே பேரடையை எடுத்தபோது ஓடை உறுதியானது. இரண்டாவது வளையம் மட்டும் தென்படவில்லை. வான் பின்னணியின் அளவிலேயே உள்ள ஒளியை இழுத்து வெளிக்கொணரும்போது, எது பேரடை, எது ஆடியில் சிதறிய ஒளி, எது செயலாக்கத்தில் புகுந்தது என்று பிரிப்பது எளிதன்று. அழகுக்காக எடுத்த படத்தை ஆய்வுக்குக் கொள்வோர் அனைவருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

டிராகன்ஃபிளையே ஆர்வலர் வழியில் பிறந்ததுதான். பீட்டர் வான் டோக்கும், ராபர்ட்டோ ஆபிரகாம் என்ற இரு பேராசிரியர்கள், விளையாட்டுப் படப்பிடிப்பாளர்கள் பயன்படுத்தும் 400 மி.மீ. கேனான் லென்ஸ்களைக் கொத்தாகக் கட்டி அதை உருவாக்கினர். உள்ளே ஒளி குறைவாகச் சிதறும் சிறு லென்ஸ், விரிந்த மங்கல் ஒளிக்குப் பேராடியைவிட ஏற்றது. 2015இல் கோமா கொத்தில் 47 மிகப் பரவிய பேரடைகளை அது கண்டுபிடித்தது.

இத்தாலியின் ஜூசெப்பே தொனத்தியெல்லோ, தம் 127 மி.மீ. தொலைநோக்கியில் எடுத்த ஆந்திரமேடாப் பகுதிப் படங்களைப் பின்னர் மீண்டும் ஆராய்ந்தபோது, 2016இல் ஒரு குறும்பேரடை அகப்பட்டது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

2023 ஜனவரியில் மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் சாந்தி ஆகிய ஆர்வலர்கள் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது. ஆந்திரமேடாவுக்குப் பக்கத்தில், வானில் ஒன்றரை பாகை நீளத்துக்கு, ஆக்சிஜன் ஒளியில் மட்டும் மிளிரும் ஒரு வில் இருந்தது. ராபர்ட்ஸ் காலம் முதல் எத்தனையோ ஆயிரம் முறை எடுக்கப்பட்ட இடம் அது. 106 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியில், ஆக்சிஜன் அலைநீளத்தை மட்டும் விடும் குறுகிய வடிகட்டியை மாட்டி, மிக நீண்ட நேரம் சேர்த்த ஒளியில் அது புலப்பட்டது. அத்தனை அகன்ற வான்பரப்பை அந்த வடிகட்டியோடு அவ்வளவு நேரம் அதற்குமுன் யாரும் பார்த்திருக்கவில்லை. அது ஆந்திரமேடாவைச் சேர்ந்ததா, நம் பால்வழிக்குள் இடையே மிதக்கும் வாயுவா என்ற விவாதம் உடனே எழுந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் இரண்டாவது கருத்தின் பக்கம் சாய்ந்துள்ளன.