ஜேப்பில் சில ஆப்பிள்கள்

ஒரு சின்ன விளையாட்டு. 'என் ஜேப்பில் நிறைய சின்ன ஆப்பிள்கள் இருக்கின்றன' என்ற வாக்கியத்தை ஒரு ஹங்கேரிக்காரரிடம் கொடுத்து, அவர் பாஷையில் சொல்லச் சொல்லுங்கள். 'ஜெபெம்பென் ஷோக் கிச்சி அல்மா வன்' என்பார். அதையே ஒரு துருக்கிக்காரரிடம் கேளுங்கள். 'ஜெபிம்டே சொக் குச்சுக் எல்மா வார்' என்பார்.

அட, ஒரே மாதிரி இருக்கிறதே என்கிறீர்களா? இரண்டு நாட்டுக்காரர்களும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற பிரபலமான வாக்கியம் இது. சிரித்து முடித்தால் ஒரு கேள்வி மிஞ்சும். அப்படியானால் இவர்கள் பங்காளிகளா?

இந்த ஒரு கேள்விக்காக ஹங்கேரியர்கள் தங்களுக்குள் இருநூற்றைம்பது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐரோப்பாவின் வரைபடத்தைப் பாருங்கள். நடுவில் ஹங்கேரி. சுற்றிலும் ஜெர்மன் பேசுகிறவர்கள், ஸ்லாவ் மொழிக்காரர்கள், ருமேனியர்கள். இவர்கள் யாருடைய மொழியோடும் ஹங்கேரிய மொழிக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏனென்றால் இவர்கள் அந்த ஊர்க்காரர்களே அல்ல. சுமார் 895-ல், அர்பாத் என்ற தலைவன் காலத்தில், கார்பாத்திய மலைகளைத் தாண்டிக் குதிரைகளில் வந்து இறங்கியவர்கள். வந்தது கிழக்கே இருந்த புல்வெளியிலிருந்து. கருங்கடலுக்கு வடக்கே தொடங்கி மங்கோலியா வரைக்கும் கடல் மாதிரி விரிந்து கிடக்கிற ஸ்டெப்பி புல்வெளி. துருக்கிய இனக் குதிரைவீரர்களின் ராஜ்ஜியம்.

ஆகவே 'நாங்கள் ஹூணர்களின் வாரிசு, அட்டிலாவின் பேரப்பிள்ளைகள்' என்று ஹங்கேரியப் பிரபுக்கள் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் அங்கே பையன்களுக்கு அட்டிலா என்று பெயர் வைக்கிறார்கள். துருக்கியிலும்தான்.

அந்த மீசையில் மண் ஒட்டியது 1769-ல். வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காக, நார்வேயின் வடகோடியில் உள்ள வார்டோ என்ற தீவுக்கு இரண்டு ஜெசூட் பாதிரியார்கள் போனார்கள். ஒருவர் மேக்சிமிலியன் ஹெல். இன்னொருவர் யானோஸ் ஷாய்னோவிச், ஹங்கேரியர். போன இடத்தில் லாப்லாந்து மக்களின் மொழியை ஷாய்னோவிச் ஆராய்ந்தார். தன் தாய்மொழியின் சாயல் அதில் தெரிந்தது. 1770-ல் புத்தகமே போட்டுவிட்டார்: இரண்டும் ஒரே மொழிதான்!

ஊரே கொதித்தது. அட்டிலாவின் பேரனைப் போய், மான் மேய்த்து மீன் பிடிக்கிறவர்களுக்குச் சொந்தக்காரன் என்றால் எப்படி? 'மீன் நாற்றம் அடிக்கிற உறவு' என்று எகத்தாளம் செய்தார்கள்.

இரண்டும் ஒரே மொழி என்றது கொஞ்சம் அதிகம். ஆனால், ஷாய்னோவிச் காட்டிய திசை சரி. ஹங்கேரிய மொழிக்கு ஃபின்லாந்து, எஸ்டோனியா மொழிகளோடு ரத்த உறவு. எல்லாவற்றையும்விட நெருங்கிய சொந்தம், சைபீரியாவின் ஓப் நதிக்கரையில் உள்ள ஹாந்தி, மான்சி என்ற சின்னஞ்சிறு இனங்களின் மொழிகள்.

அப்படியானால் அந்த ஆப்பிள்?

நான் பி.காம். படித்தவன். கணக்குப் புத்தகத்தில் மூலதனம் வேறு, வாங்கிய கடன் வேறு என்று பிரித்துப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் விளங்கும். ஹங்கேரிய மொழியையும் அப்படிப் பிரிக்கலாம். கைக்கு 'கேஸ்', ரத்தத்துக்கு 'வேர்', மீனுக்கு 'ஹல்'. ஃபின்லாந்தில் இவையே கேஸி, வேரி, கலா. இது மூலதனம், பாட்டன் சொத்து. ஆப்பிள், பார்லி, கோதுமை, திராட்சை, கன்றுக்குட்டி ஆகியவற்றுக்கான சொற்களெல்லாம் துருக்கிய மொழியிலிருந்து வந்தவை. ஐரோப்பாவுக்குள் நுழைவதற்கு முன்பே வாங்கிய பழைய கடன். 'ஜேப்' பிந்தைய கடன். 1541 முதல் 1686 வரை புடா நகரம் ஒட்டோமான் சுல்தான்களின் கையில் இருந்ததே, அந்தக் காலத்துச் சமாசாரம். கடைசியில் வருகிற வன், வார் இரண்டும் சும்மா தற்செயல்.

'ஜேப்' துருக்கியர்களுக்கே சொந்தமில்லை என்பது இன்னொரு வேடிக்கை. அது அரபுச் சொல். உருது வழியாக நம் ஊருக்கும் வந்து 'ஜேப்படித் திருடன்' ஆகிவிட்டது. அதற்காக நாம் புடாபெஸ்டுக்குப் போய் மாமன், மச்சான் உறவு கொண்டாட முடியுமா?

'ச்சே, வெறும் கடன்தானா' என்று தள்ளிவிடாதீர்கள். கன்றுக்குட்டிக்கும் பார்லிக்கும் பெயரைச் சந்தையில் எட்டிப் பார்த்துவிட்டு யாரும் கற்றுக்கொள்வதில்லை. பக்கத்துக் கொட்டிலில் மாடு கட்டி, பக்கத்து வயலில் உழுது, பெண் கொடுத்துப் பெண் எடுத்தால்தான் அப்பேர்ப்பட்ட சொற்கள் நாக்கில் ஏறும். கஜார் பேரரசோடு சண்டை போட்டுப் பிரிந்த கபார் என்ற மூன்று கூட்டங்கள் ஹங்கேரியர்களோடு சேர்ந்துகொண்டன. அவர்கள் கஜார் மொழியைக் கற்றுக்கொடுத்ததால் ஹங்கேரியர்கள் இரண்டு மொழி பேசுகிறார்கள் என்று பைசாந்தியச் சக்கரவர்த்தி ஏழாம் கான்ஸ்டன்டைன் சுமார் 950-ல் எழுதிவைத்தார். பைசாந்தியர்கள் இவர்களைத் துருக்கியர்கள் என்றே அழைத்தார்கள். புடாபெஸ்ட் நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கிற புனிதக் கிரீடத்தில், 11-ம் நூற்றாண்டின் கிரேக்க எழுத்தில், கேசா மன்னன் 'துருக்கியாவின் அரசன்' என்றே குறிக்கப்பட்டிருக்கிறான்!

இந்தக் கிழக்கத்திய சொந்தத்தைத் தேடி ஒருவர் நம் நாடு வரை வந்தார். பெயர் அலெக்சாண்டர் சோமா. 1819-ல் டிரான்சில்வேனியாவிலிருந்து கிளம்பி, பெரும்பாலும் கால்நடையாகவே லடாக் வந்து சேர்ந்தார். மூதாதையர் மத்திய ஆசியாவில்தான் எங்கோ இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை. ஹிமாலய மடாலயங்களின் குளிரில் வருடக்கணக்கில் உட்கார்ந்து திபெத்திய மொழியைப் படித்தார். 1834-ல் கல்கத்தாவில் அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதி வெளியானது. 1842-ல் லாசாவுக்குப் புறப்பட்டவரை வழியில் மலேரியா பிடித்துக்கொண்டது. டார்ஜிலிங்கில் இறந்தார். கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. தேடிய சொந்தம் கிடைக்கவில்லை. உலகத்துக்கு ஓர் அகராதி கிடைத்தது.

என்ன கொடுமை என்றால், அவர் அவ்வளவு தூரம் தேடிப்போன சொந்தம், அறுநூறு வருடங்களுக்கு முன்பு தானாகவே வந்து அவர் நாட்டுக் கதவைத் தட்டியிருந்தது.

1239. மங்கோலியர்கள் புல்வெளியை நாசமாக்கிக்கொண்டு மேற்கே வருகிறார்கள். தப்பி ஓடிவந்த குமான் என்ற துருக்கிய இனத்தவர், தலைவன் கொத்தென் கான் தலைமையில் ஹங்கேரியில் அடைக்கலம் கேட்டார்கள். மன்னன் நான்காம் பேலா ஏற்றுக்கொண்டான். ஆனால், ஹங்கேரியர்கள் இப்போது வேலி போட்ட வயலும் தேவாலயமுமாக மாறிவிட்டவர்கள். குமான்களோ மந்தைகளோடு திரிகிற கூடாரவாசிகள். மந்தை பயிரில் இறங்கியது. சண்டை வந்தது. 'மங்கோலியப் படையிலும் குமான்கள் இருக்கிறார்கள், இவர்கள் ஒற்றர்கள்' என்று வதந்தி கிளம்பியது. 1241-ல் பெஸ்ட் நகரில் கொத்தெனைக் கொன்றுவிட்டார்கள்.

ஆத்திரமடைந்த குமான்கள் வழியெல்லாம் சூறையாடிக்கொண்டு நாட்டைவிட்டு வெளியேறினார்கள். கொஞ்ச நாள்தான். ஏப்ரல் 11, மோஹி போர்க்களம். மங்கோலிய வில்லாளிகளை எப்படி எதிர்கொள்வது என்று தெரிந்த ஒரே கூட்டத்தைத் தானே விரட்டிவிட்டு நின்ற ஹங்கேரியப் படை, அங்கே துடைத்தெறியப்பட்டது. பேலா உயிர் தப்பியதே பெரிது.

பேலா பாடம் கற்றான். மங்கோலியர்கள் போனபிறகு குமான்களைத் திரும்ப அழைத்து நிலம் கொடுத்தான். தன் மகனுக்குக் குமான் பெண்ணையே கட்டிவைத்தான். அந்தத் தம்பதியின் மகன் நான்காம் லாஸ்லோவுக்கு சரித்திரத்தில் பட்டப்பெயரே 'குமான் லாஸ்லோ'! குமான்கள் குடியேறிய பகுதிகளுக்கு இன்றைக்கும் கிஷ்குன்ஷாக், நாட்யகுன்ஷாக் என்று அவர்கள் பெயர்தான்.

2018-ல் ஹங்கேரி, துருக்கிய மொழி பேசும் நாடுகளின் அமைப்பில் பார்வையாளர் ஆனது. அப்போது பிரதமராக இருந்த விக்டர் ஓர்பான் கிர்கிஸ்தானில் நடந்த மாநாட்டுக்கே போய், அந்த உறவைப் பெருமையோடு பேசினார். வியாபாரமும் அரசியலும் கலந்த உறவுதான், வேறென்ன. பழைய புதைகுழி எலும்புகளின் மரபணுவோ, குதிரையில் வந்தவர்களிடம் சைபீரியக் கலப்பும் இருந்தது, புல்வெளிக் கலப்பும் இருந்தது என்கிறது. இன்றைய ஹங்கேரியர்களைச் சோதித்தால், பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஐரோப்பியர்கள் மாதிரியே இருக்கிறார்கள்.

அப்புறம் எதைத்தான் சொந்தம் என்பது?

குமான் மொழி பேசத் தெரிந்த கடைசி ஆள் என்று சொல்லப்படும் இஷ்ட்வான் வார்ரோ இறந்தது 1770-ல். ஷாய்னோவிச்சின் புத்தகம் வந்த அதே வருடம். படித்தவர்கள் தூரத்து ரத்த உறவைப் பற்றி அடித்துக்கொண்டிருக்க, ஐந்நூறு வருடம் கூடவே வாழ்ந்தவர்களின் மொழி சத்தமில்லாமல் செத்துப்போனது. ஆனால், அதற்குப் பிறகும் பல தலைமுறைகளுக்கு அந்தப் பகுதிப் பிள்ளைகள் குமான் மொழியில் ஏசுநாதரின் ஜெபத்தை ஒப்பித்துவந்தார்கள். ஒரு வார்த்தைகூட அர்த்தம் புரியாது. தாத்தா சொன்னார், பேரன் சொன்னான். அவ்வளவுதான்.